இட்டேரிக் கீரையும் வீட்டுக் காளானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்தின் சென்னிமலைப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் இட்டேரி என்னும் வண்டித்தடம் வழியே நடந்து செடிகளைப் பார்ப்பது எங்கள் சிலருக்குப் பல ஆண்டு வழக்கம். உடன் வருகிறவர்களும், என் வீட்டுப் பின்புறத்தில் உள்ள காளான் குடிலைப் பார்க்க வருகிறவர்களும் கேட்கும் ஐயங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் கீரைகள், பிறகு காட்டுக் காளான், அதன் பின் வீட்டுக் காளான் என்று வரிசை அமைந்திருக்கிறது.

காட்டுக்கீரைன்னா மலைக்குப் போய்த்தான் பறிக்கோணுங்களா?

வேண்டியதில்லை. நம் பக்கத்தில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் தம் மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்றுதான் பொருள். காட்டுக்கீரையும் அந்தக் காட்டில் முளைக்கும் கீரைதான். சோளக்காட்டில் பயிரோடு சேர்ந்து முளைக்கும் பண்ணைக்கீரை, மழை பெய்த பத்து நாளில் தலைகாட்டும் தொய்யக்கீரை, குமிட்டி, வரப்பில் படரும் பருப்புக்கீரை, சாரணை ஆகியவற்றைக் கலந்து பறித்துக் கடைந்ததைத்தான் நம் வீடுகளில் கலவைக்கீரை என்றார்கள். எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) களை வெட்டப் போனால் மடியில் கீரையோடுதான் திரும்புவார்.

இதற்கு அடுத்த வளமான இடம் இட்டேரி. இரு பக்கமும் வேலி நிற்க நடுவே வண்டி போகும் அந்தத் தடத்தில், கிளுவை வேலியைப் பற்றிக்கொண்டு கோவை, முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை எல்லாம் ஏறி நிற்கும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல் என்று மாட்டுக்காகவே வைக்கப்பட்ட அந்த மேய்ச்சல் நிலத்தின் வேலியோரம் ஏர் படாத மண் என்பதால், மற்ற இடத்தில் அருகிப்போன செடிகள் அங்கே தங்கியிருக்கின்றன. வேலியைப் பிடுங்கிக் கம்பி போடும்போது இவையும் சேர்ந்து போய்விடுகின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

புதுசாக் கத்துக்கறவங்க எந்தச் செடியில இருந்து ஆரம்பிக்கறதுங்க?

வேறு எதனோடும் குழம்ப வாய்ப்பில்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். என் பரிந்துரை முடக்கத்தான். மெல்லிய கொடி, ஆழமாக வெட்டுப்பட்ட இலை, பற்றுக்கம்பி, காற்றடைத்த மூன்று பட்டைக் காய் ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். முற்றிய காயை நசுக்கினால் ‘பொட்’ என்று வெடித்து உள்ளிருந்து மிளகளவு கறுப்பு விதைகள் விழும். ஒவ்வொரு விதையின் மேலும் வெள்ளையாக ஓர் இதய வடிவம் அச்சிட்டதுபோல இருக்கும். அந்த விதையைக் கையில் வைத்து ஒருமுறை பார்த்தவர் பிறகு மறப்பதில்லை.

இரண்டாவதாகப் பண்ணைக்கீரையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு செடியைத் தேர்ந்து, அது இரண்டிலையாக இருக்கும்போதும், பறிக்கும் பருவத்திலும், வெண்மையும் இளஞ்சிவப்புமாகக் கதிர்விட்டுப் பூக்கும்போதும், காய்ந்து விதை உதிரும்போதும் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். கீரையாகப் பறிப்பது பூக்கும் முன்பு. ஆனால் செடியை ஐயமின்றி அடையாளம் காட்டுவது பூ. எனவே முதல் பருவம் முழுக்கப் பார்ப்பதற்கு, அடுத்த பருவம் பறிப்பதற்கு என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஓர் ஆண்டில் ஐந்து செடிகளை இப்படிக் கற்றால் அது நல்ல வேகம்.

ஒரே செடிக்கு ஊருக்கொரு பேரு சொல்றாங்க. எதை நம்பறதுங்க?

எல்லாப் பெயரும் அந்தந்த ஊரில் உண்மைதான். நாம் சுக்குட்டிக்கீரை என்பதை மற்ற மாவட்டத்தார் மணத்தக்காளி என்றும் மிளகுதக்காளி என்றும் சொல்வார்கள். சிக்கல் வருவது இரண்டு செடிகள் ஒரே பெயரில் வழங்கும்போது. ஆகவே பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போய்ப் பறிக்காதீர்கள். பெயர் சொன்னவரையே அழைத்துப்போய்ச் செடியைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஐயம் தீரவில்லை என்றால், பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி, தினமும் தாளை மாற்றி ஒரு வாரம் உலர்த்துங்கள். எந்த ஊர், எந்த மாதம், பூவின் நிறம் என்ன என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது; தென்னிந்தியச் செடிகளின் உலர் மாதிரிகளைப் பெருந்தொகையாகக் காக்கும் இடம் அது. பெயரை உறுதி செய்துகொள்ள இந்த வட்டாரத்துக்கு வாய்த்த நல்வாய்ப்பு என்றே அதைச் சொல்வேன். நம் ஊர்க் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்களும் உதவுவார்கள்.

சாரணையும் மூக்கிரட்டையும் ஒண்ணாத்தான தெரியுது?

இரண்டும் தரையோடு படர்வதால் அப்படித் தோன்றுகிறது. சாரணையின் இலையும் தண்டும் நீர் கோத்துத் தடித்திருக்கும். எதிரெதிரே உள்ள இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். பூ தனித்தனியாக இலைக்கக்கத்தில் காம்பின்றி ஒட்டியிருக்கும். மூக்கிரட்டையின் இலை மெல்லியது, அடிப்புறம் வெளிறியது. அதன் சின்னஞ்சிறு பூக்கள் நீண்ட மெல்லிய காம்பின் நுனியில் கொத்தாக நிற்கும். அதற்குள் நடந்துவிட்டு வந்தால் வேட்டிக் கரையில் பிசுபிசுப்பான காய்கள் ஒட்டியிருக்கும். மூக்கிரட்டைக்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே போலப் பருப்புக்கீரை பறிக்கும்போது, அதன் ஊடே படரும் சித்திரப்பாலாடை வகைச் செடிகளும் கையோடு வந்துவிடும். தண்டை ஒடித்துப் பாருங்கள். பருப்புக்கீரையில் தெளிந்த நீர்தான் கசியும். வெள்ளைப் பால் வந்தால் அதை எடுத்து எறிந்துவிடுங்கள்.

போன்ல போட்டோ எடுத்தா ஆப்பே பேர் சொல்லுதே, அது போதாதுங்களா?

தேடத் தொடங்குவதற்குப் போதும், சமைப்பதற்குப் போதாது. செயலி சொல்லும் பெயரை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, மேலே சொன்னபடி பூ, காய், பால், மணம் ஆகியவற்றை நேரில் சரிபாருங்கள். காளானுக்குச் செயலியின் சொல்லை எந்த நிலையிலும் ஏற்க வேண்டாம்.

ஆடு திங்கற தழையை நாமளும் திங்கலாம்னு எங்க அப்பாரு சொல்லுவாருங்க. சரிதானுங்களா?

பெரியவர்கள் சொன்னவற்றுள் மிகப் பலவற்றை நான் போற்றுகிறேன். இதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஆடு அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் சில நஞ்சுகளை உடலில் சேரும் முன்பே சிதைத்துவிடும். நமக்கு அந்த ஏற்பாடு கிடையாது. பறவை கொத்திய பழம், புழு அரித்த இலை என்ற அடையாளங்களும் உதவா; பறவைக்கும் புழுவுக்கும் உடல் வேறு.

வேலியில கையே வைக்கக் கூடாத செடி எதுங்க?

எல்லாவற்றுக்கும் முன்னால் கண்வலிக்கிழங்கைச் சொல்ல வேண்டும். செங்காந்தள் என்ற பெயரில் இது நம் மாநில மலர். மூலனூர், தாராபுரம் பக்கத்தில் மருந்துக்காக இதன் விதையை உழவர்கள் பயிரிட்டு எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் வேலிகளில் தானாகவும் ஏறும். இலையின் நுனி நீண்டு சுருண்டு அதுவே பற்றுக்கம்பியாகிவிடுவது இதன் அடையாளம். செடி முழுவதும் கால்சிசின் என்ற நஞ்சு உண்டு. அது கிழங்கிலும் விதையிலும் மிகுதி. கொடி காய்ந்தபின் கிழங்கு மட்டும் கிடந்தால் உண்ணும் கிழங்கு என்று ஏமாற வாய்ப்பு உண்டு. உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கி, அடுத்த நாள்களில் உள்ளுறுப்புகள் பழுதாகும். வீட்டில் விதைக்கிழங்கு வைத்திருக்கும் உழவர்கள் அதைச் சேனை, வள்ளிக்கிழங்கு இருக்கும் இடத்தில் ஒருபோதும் வைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

குன்றிமணி, ஊமத்தை, ஆமணக்கு விதை, அரளி, மஞ்சள் அரளி ஆகியவையும் அதே வரிசை. குழந்தைகளோடு நடக்கும்போது நான் உண்ணும் செடிகளுக்கு முன்பே இந்த ஆறையும் காட்டிவிடுகிறேன்.

எந்த இடத்துல பறிக்கலாம், எங்க பறிக்கக் கூடாதுங்க?

உரிமையாளரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பறியுங்கள். அனுமதிக்காக மட்டுமன்று, அந்த நிலத்தில் களைக்கொல்லி அடித்தார்களா என்பது அவருக்குத்தான் தெரியும். அடித்த முதல் சில நாள்களில் செடி வாடாமல் பச்சையாகவே இருக்கும் என்பதால் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. வண்டிகள் ஓயாத சாலையோரம், சாக்கடைக் கரை, சாயக்கழிவு பாய்ந்த நொய்யல் ஓரம் ஆகிய இடங்களில் கீரை எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் வேண்டாம். மண்ணிலும் நீரிலும் உள்ள கன உலோகங்களைச் செடி உறிஞ்சி இலையில் சேர்க்கும்; கழுவினாலும் வேகவைத்தாலும் அது போகாது.

காப்புக்காடு வேறு கணக்கு. 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலத்திலோ, ஆனைமலையிலோ நம்மைப் போன்றவர்கள் ஒரு கொத்துத் தழை பறிப்பதும் சட்டப்படி குற்றமாகலாம். அங்கே தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களுக்குச் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்க 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமை அளிக்கிறது. அது அவர்களுடைய வாழ்வாதாரம்; சுற்றிப் பார்க்கப் போகும் நாம் அதில் கை வைப்பது முறையன்று.

கீரை வேகவெச்ச தண்ணியை வடிச்சுக் கொட்டுனா சத்தெல்லாம் போயிருமேங்க?

கொஞ்சம் போகும். ஆனால் பருப்புக்கீரை, சாரணை போன்றவற்றில் சிறுநீரகக்கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு மிகுதி. கொதிநீரில் வேகவைத்து அந்த நீரை வடித்தால் அதில் கணிசமான பங்கு வெளியேறிவிடும். சிறுநீரகக்கல் வந்தவர்கள் இந்தக் கீரைகளைத் தவிர்ப்பதே நல்லது. கலவைக்கீரையை நம் வீடுகளில் துவரம்பருப்போ பாசிப்பருப்போ சேர்த்துக் கடைவார்கள். வடித்தபின் கடைந்தாலும் சுவை குறைவதில்லை.

பிரண்டை நாக்கிலும் கையிலும் அரிப்பதற்கும் ஆக்சலேட்டின் ஊசிப் படிகங்களே காரணம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரையுங்கள்.

குழந்தைங்களுக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் குடுக்கலாமுங்களா?

வழக்கமாகச் சந்தையில் வாங்கும் கீரைகளோடு நிறுத்திக்கொள்வதே என் கருத்து. குறிப்பாகக் குப்பைமேனியைக் கீரையாகச் சமைக்க வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும், அந்தக் குறைபாடு இருப்பதே பலருக்குத் தெரியாது. பெரியவர்களும் எந்தப் புதிய கீரையையும் முதல்முறை இரண்டு கவளம் மட்டும் உண்டு, ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அடையாளம் உறுதியான செடிக்குத்தான் இந்தச் சோதனை. அடையாளம் தெரியாததைச் சுவைத்துப் பார்ப்பதற்கு இது வழியன்று.

இடி இடிச்ச மறுநாள் புத்துல முளைக்கற காளானைத் திங்கலாமுங்களா?

புற்றுக்காளான் சுவையில் ஈடில்லாதது, தலைமுறையாக உண்ணப்படுவது. கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து அது மேலே வருகிறது. குடையின் நடுவில் கூர்மையான மேடு, மண்ணுக்குள் வேர்போல ஆழமாக இறங்கி அடியிலுள்ள கறையான் கூட்டோடு சேரும் தண்டு, குடையின் அடியிலிருந்து உதிரும் இளஞ்சிவப்புச் சாயலுள்ள வித்துத்தூள் ஆகியவை அதன் அடையாளங்கள். வித்துத்தூளைப் பார்க்க, தண்டை நீக்கிக் குடையைப் பாதி வெள்ளைத்தாளிலும் பாதி கறுப்புத்தாளிலும் படுமாறு கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில், குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக உள்ள செவுள்களின் கோடுகள் அப்படியே தூளால் வரைந்த கோலம்போலத் தாளில் பதிந்திருக்கும்.

ஆனாலும் பல பருவங்கள் அதைப் பறித்துப் பழகிய ஒருவர் கூடவே நின்று ஒவ்வொரு காளானையும் பார்த்துச் சொன்னாலன்றி உண்ணாதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் மழைக்குப்பின் வட்டம் வட்டமாக முளைக்கும் பச்சைச்செவுள் காளான் ஒன்று உண்டு. வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், தண்டில் வளையம் என்று பார்க்க அழகாக இருக்கும். இளமையில் செவுள் வெள்ளையாகவே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். முற்றினால்தான் மங்கிய பச்சையாகும், வித்துத்தூளும் பச்சைதான். உண்டால் ஓரிரு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வதைத்துவிடும்.

மஞ்சளோ வெள்ளிக்காசோ போட்டு வேகவெச்சா விசக்காளான் நிறம் மாறிருமுன்னு சொல்றாங்களே?

மாறாது. பூண்டு கறுக்கும், வெள்ளி கறுக்கும், புழு வைத்தது நல்லது, வெள்ளை நல்லது என்று சொல்லப்படும் எந்தச் சோதனையும் நஞ்சைக் காட்டாது. உயிரைப் பறிக்கும் காளான்களில் உள்ள அமட்டாக்சின் என்ற நஞ்சு எவ்வளவு நேரம் கொதித்தாலும் அழியாது, உலர்த்தினாலும் அழியாது.

தின்னு நாலு மணி நேரம் ஆச்சு, ஒண்ணுமே ஆகலைங்க. அப்ப நல்ல காளான்தானுங்களே?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் உயிர் போகக்கூடும் என்பதால் கவனமாகப் படியுங்கள். முன்கேள்வியில் சொன்ன அமட்டாக்சின் உண்ட உடனே எதையும் காட்டாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஒருநாள் எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும். அந்த இடைவேளையில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். தாமதமாக வரும் வாந்தியே பச்சைச்செவுள் காளானின் உடனடி வாந்தியைவிட ஆபத்தானது.

காட்டுக் காளான் உண்டபின் எந்தத் தொல்லை வந்தாலும், குறைந்துவிட்டது என்று காத்திராமல் 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சக் காளானையும், சமைத்த குழம்பையும் தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். சேர்ந்து உண்ட எல்லாரையும் நலமாக இருந்தாலும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அப்பப் புத்துக்காளானையே வீட்டுல வளர்த்துக்க முடியாதுங்களா?

முடியாது. கறையானின்றி அது குடை விடுவதில்லை. வீட்டில் வளர்க்க நமக்கு ஏற்றவை சிப்பிக்காளானும் பால்காளானும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பயிற்சி கிடைக்கும். காளான் வித்து, அதாவது விதையாகப் பயன்படும் பூஞ்சை இழை வளர்த்த சோள மணிகளையும், அப்படி நம்பகமான இடத்தில் மட்டுமே வாங்குங்கள்.

சிப்பிக்காளானா, பால்காளானா, நம்ம ஊருக்கு எது ஒத்துவருமுங்க?

சிப்பிக்காளான் 23 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிர்ச்சியை விரும்பும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, பொள்ளாச்சிப் பக்கத்தில் ஆனி முதல் மாசி வரை இது எளிதாக வரும். பங்குனி, சித்திரையில் ஈரோடும் கரூரும் கொதிக்கும்போது பால்காளான்தான் நிற்கும். 30 முதல் 35 டிகிரி வெப்பமே அதற்கு இதம். இந்தியாவிலேயே கண்டறியப்பட்ட இந்த இனத்துக்கு 1974இல் அறிவியல் பெயர் இடப்பட்டது. அருப்புக்கோட்டை ஆய்வு நிலையத்திலிருந்து வந்த ஏபிகே 2 என்ற ரகம்தான் அதை நம் உழவர்களிடம் கொண்டு சேர்த்தது. முதல்முறை போடுகிறவர்கள் சிப்பியில் தொடங்குங்கள். பால்காளானுக்குப் படுக்கையின் மேல் மண் அடுக்கு இடும் ‘மேற்பூச்சு மண்’ என்ற கூடுதல் வேலை உண்டு.

ஒரு படுக்கை எப்படிப் போடறதுன்னு வெவரமாச் சொல்லுங்க.

படுக்கை என்பது வைக்கோலும் வித்தும் அடுக்கிய பை. சிப்பிக்காளான் படுக்கை ஒன்றுக்கு அரை கிலோ உலர்ந்த நெல் வைக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து நிறம் மங்கியதாக இருக்கக் கூடாது. பொன்னிறமாக, முறித்தால் ஒடியும்படி இருக்க வேண்டும். இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைத்து, சுத்தமான விரிப்பில் நிழலில் உலர்த்துங்கள். எவ்வளவு ஈரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கைப்பிடியை இறுகப் பிழியுங்கள். நீர் சொட்டக் கூடாது; விரித்தால் உள்ளங்கை மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். என் முதல் நான்கு படுக்கைகளும் சொட்டுகிற வைக்கோலில் போட்டதால் புளித்துப்போயின.

60க்கு 30 செ.மீ. அளவுள்ள பாலித்தீன் பையின் அடியைக் கட்டி, மூன்று விரற்கடை உயரம் வைக்கோல், அதன் மேல் ஓரம் பார்த்துச் சிறிது வித்து என்று ஐந்து அடுக்குகள் அமுக்கி வையுங்கள். ஒரு பை வித்து இரண்டு படுக்கைக்கு வரும். வாயைக் கட்டி, பக்கங்களில் பென்சில் பருமனில் பத்துப் பன்னிரண்டு துளைகள் இட்டு, இருளான அறையில் தொங்கவிடுங்கள். வெள்ளைச் சோள மணிகளிலிருந்து கிளம்பும் நூலிழைகள் ஒன்றையொன்று தொட்டு, 15 முதல் 20 நாளில் பை முழுவதும் பஞ்சு சுற்றியதுபோல வெளுக்கும்.

பிறகு வெளிச்சமும் காற்றும் உள்ள அறைக்கு மாற்றிப் பையைக் கிழித்துவிடுங்கள். தரையில் மணல் பரப்பி, சுவரில் கோணிச்சாக்கு தொங்கவிட்டு நனைத்துவந்தால் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். மூன்று நான்கு நாளில் குண்டூசித் தலைபோல மொட்டுகள் தோன்றும். அதற்கு மூன்றாம் நாள், குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே, கொத்தைப் பிடித்துத் திருகி எடுங்கள். வாரம் கழித்து இரண்டாம் அறுவடை, பின்னர் மூன்றாவது. ஒரு படுக்கையில் மொத்தம் அரை கிலோவுக்குக் குறையாமல் கிடைக்கும்.

வைக்கோல் கெடைக்கலைன்னா வேற எதுல போடலாமுங்க?

சோளத்தட்டு, மக்காச்சோளச் சக்கை, நூற்பாலைக் கழிவுப் பஞ்சு ஆகியவற்றில் போடலாம். சாயமேறிய பனியன் துண்டுகளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். காரணம் மேலே நொய்யலைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே இருக்கிறது.

படுக்கையில பச்சைப் பூஞ்சை பிடிச்சிருக்குதுங்க. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தாப் போதுங்களா?

போதாது. பையை அவிழ்க்காமலே குடிலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். உள்ளே வைத்து அவிழ்த்தால் அந்தப் பூஞ்சையின் வித்துத்தூள் பறந்து மற்றப் பைகளிலும் இறங்கும். வேக்காடு குறைந்ததும் ஈரம் மிகுந்ததும்தான் பெரும்பாலும் காரணம்.

ஒல்லித் தண்டும் சாம்பல் குடையுமாக வேறொரு காளான் பையிலிருந்து எட்டிப்பார்த்து, அடுத்த நாளே கறுப்பு மையாக உருகி வழிந்தால் அது மைக்காளான். பறித்து அகற்றுங்கள். நம் வீட்டுப் படுக்கையில் முளைத்தது என்பதற்காக அதைச் சமைக்க வேண்டாம். விதைத்த இனத்தைத் தவிர பையில் வேறு எது வந்தாலும் அது காட்டுக் காளானாகவே கருதப்பட வேண்டும். வைக்கோல் போரில் தானாக முளைப்பதற்கும் இதே விதிதான். வைக்கோல்காளானின் அடியில் உள்ள பை போன்ற உறையே கொடிய நச்சுக்காளான்கள் சிலவற்றுக்கும் உண்டு.

குடிலுக்குள்ள போயிட்டு வந்தா இருமலா வருதுங்க. இது எதனாலங்க?

முற்றிய சிப்பிக்காளான் புகைபோல வித்துத்தூளைக் கொட்டும். அதை நாள்தோறும் மூச்சில் இழுப்பவர்களுக்கு நுரையீரலில் ஒவ்வாமை வரும். குடை முற்றவிடாமல் பறிப்பதும், முகக்கவசம் அணிவதும், உள்ளே போகும் முன் கதவைத் திறந்து நீர் தெளிப்பதும் அவசியம். இருமலோடு மாலையில் காய்ச்சலும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் வளர்ப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய், காளான் வளர்ப்பதையும் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் படுக்கையறையை ஒட்டிக் குடில் போட வேண்டாம். அவர்களுக்கு வித்துத்தூள் குறைவாகப் பறக்கவிடும் பால்காளான் ஒத்துவருகிறதா என்று ஓரிரு பைகளில் மட்டும் பார்க்கலாம்.

அறுவடை முடிஞ்ச வைக்கோலை என்ன பண்றதுங்க?

குடிலுக்கு எட்டத்தில் எருக்குழியில் போடுங்கள். பக்கத்திலேயே குவித்தால் ஈக்கள் பெருகி அடுத்த படுக்கைகளில் முட்டையிடும். இரண்டு மூன்று மாதத்தில் மக்கிக் கறுத்துவிடும். தோட்டத்துச் செடிகளுக்கு மூடாக்காகவும் இடலாம். பச்சைப் பூஞ்சை பிடித்த பைகளை மட்டும் இதில் சேர்க்காமல் தனியே புதையுங்கள்.